முதலைத் தொடாதே: அன்னதானக் காசை ரம்மியில் விட்டவன் எழுதும் பாடம்

ஓம் சரவணபவ.

வழக்கமா இந்தப் பக்கத்தில் திருப்புகழ் விளக்கமோ, கிருத்திகை விரத முறையோ எழுதுவேன். இந்த வாரம் அது இல்லை. போன மாசம் ஒரு தம்பி ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்கு மெசேஜ் பண்ணியிருந்தான். "அண்ணா, ஆன்லைன்ல விட்ட காசு திரும்பக் கிடைக்க எந்தப் பதிகம் படிக்கணும்?"

அந்தக் கேள்வியைப் பார்த்ததும் கை நடுங்கிடுச்சு. ஏன்னா இதே கேள்வியை நானும் கேட்டிருக்கேன். மெசேஜ்ல இல்ல, கிரிவலப் பாதையில் குபேர லிங்கத்துக்கு முன்னாடி நின்னு.

அந்தத் தம்பிக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரிவா இங்கே எழுதுறேன். பெரிய மனுஷன் அறிவுரையா எடுத்துக்காதீங்க. விழுந்தவன் சொல்ற கணக்குன்னு படிங்க.

*அம்மாவின் ரெண்டு சுருக்குப்பை*

எங்கம்மா திருவண்ணாமலை தேரடி வீதியில் பூ விக்கிறவங்க. மல்லி, சம்பங்கி, கதம்பம். விடியறதுக்கு முன்னாடி பூ வாங்கிட்டு வந்து, கட்டி, முழம் போட்டு விக்கணும். சாயங்காலத்துக்குள்ள வித்தாத்தான் காசு. மிஞ்சினா அது வெறும் வாடின பூ.

அம்மா இடுப்பில் எப்பவும் ரெண்டு சுருக்குப்பை இருக்கும். ஒண்ணு மறுநாள் பூ வாங்குற காசு. அதுக்குப் பேரு "முதல்". இன்னொண்ணு அன்னிக்குக் கிடைச்ச லாபம். அரிசி, பால், கரண்டு பில்லு எல்லாம் ரெண்டாவது பையிலிருந்துதான். லாபம் இல்லாத நாள்ல வீட்டில் ரசம் மட்டும்தான். ஆனா முதல் பையை அவுக்க மாட்டாங்க. சின்ன வயசுல ஐஸ் வாங்க அந்தப் பையில் கை வெச்சு அடி வாங்கியிருக்கேன்.

"முதலைத் தொட்டா முதலை கடிச்சிடும்டா" என்பாங்க. அப்போ சிரிச்சேன்.

*எப்படி ஆரம்பிச்சது*

செங்கம் ரோட்டில் ஒரு ஃப்ளெக்ஸ் பிரிண்டிங் கடையில் எனக்கு வேலை. மாசம் 14,000 ரூபாய். 2024 தை மாசம் கூட வேலை செய்யுற பையன் ஒரு ரம்மி ஆப்பைக் காட்டினான். 50 ரூபாய் போட்டேன். முதல் வாரத்திலேயே 1,150 ரூபாய் வந்துச்சு. அம்மாவுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்தேன். எங்கிருந்து காசுன்னு கேட்டாங்க. ஓவர்டைம்னு சொன்னேன்.

முதல் பொய் ஜெயிச்ச காசுக்குச் சொன்னதுதான், தோத்த காசுக்கு இல்ல. இதைக் கவனிச்சு வெச்சுக்குங்க.

அடுத்த நாலு மாசத்துல என் சம்பளத்திலிருந்து 11,000 ரூபாய் போயிடுச்சு. ஒவ்வொரு தடவையும் "இன்னிக்கு 200 தான்"னு ஆரம்பிப்பேன். 200 போனதும் "அந்த 200-ஐ எடுத்துட்டு நிறுத்திடுவேன்" என்பேன். எல்லா ராத்திரியும் இதே வசனம்தான்.

எங்க தெருப் பசங்க எல்லாரும் சேர்ந்து வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு அன்னதானம் போடுவோம். 2024-ல் வசூல் கணக்கு என் பொறுப்பு. ஜிபேயில் வர்ற காசெல்லாம் என் அக்கவுண்டுக்குத்தான் வரும். 11 ரூபாய் போட்டவங்களும் இருந்தாங்க, 2,000 போட்டவங்களும் இருந்தாங்க. மொத்தம் 38,400 ரூபாய். அதே அக்கவுண்ட்டில்தான் என் சம்பளம். அதே அக்கவுண்ட்தான் ரம்மி ஆப்போட இணைஞ்சிருந்தது.

ரெண்டு சுருக்குப்பை இருக்க வேண்டிய இடத்தில் நான் ஒரே பை வெச்சிருந்தேன்.

*ஆடிப் பௌர்ணமி ராத்திரி*

கிருத்திகைக்கு ஒரு வாரம் இருந்தது. பௌர்ணமிக்கு முந்தின ராத்திரி என் காசு தீர்ந்துபோச்சு. "ஆயிரம் மட்டும் எடுத்து ஆடி, ஜெயிச்சு, காலையில் வெச்சிடலாம்"னு வசூல் காசைத் தொட்டேன். விடியற்காலை மூணு மணிக்குப் பார்த்தா 23,500 ரூபாய் போயிருந்தது.

மறுநாள் கிரிவலம். 14 கிலோமீட்டர் வெறுங்கால்ல நடக்கணும். லட்சக்கணக்கான ஜனம் "அண்ணாமலையாருக்கு அரோகரா"ன்னு சொல்லிட்டு நடக்குது. நான் ஒரு கையில் போனைப் பிடிச்சுட்டு நடந்தேன். எம லிங்கம் தாண்டி ஆரம்பிச்சேன். நிருதி லிங்கம் வரும்போது மீதி 14,900-ல் 9,000 தான் இருந்தது. வருண லிங்கம் பக்கத்தில் ஒரே ஆட்டத்தில் 4,000 வந்துச்சு. "முருகன் கண் திறந்துட்டான்"னு தோணுச்சு. குபேர லிங்கத்தில் கியூவில் நின்னு, கற்பூரம் காட்டும்போது மனசுக்குள்ள வேண்டினேன்: "முழுசும் திரும்பி வரட்டும், அடுத்த வருஷம் காவடி எடுக்கிறேன்."

ஈசான்ய லிங்கம் வரும்போது அக்கவுண்ட்டில் 64 ரூபாய்.

அப்போ மனசில் வந்த எண்ணங்களை இங்கே எழுத மாட்டேன். அந்த மாதிரி எண்ணம் உங்களுக்கு இப்போ இருந்தா, மேலே படிக்கிறதை நிறுத்திட்டு 14416-க்கு போன் பண்ணுங்க. டெலி மனஸ், மத்திய அரசோட மனநல உதவி எண். காசு கிடையாது, ராத்திரி பகல் எப்பவும் தமிழ்லயே பேசலாம். தமிழ்நாடு அரசோட 104-ம் இருக்கு. பேசிட்டு வந்து மீதியைப் படிங்க.

*கோபுரத்திளையனார் சந்நிதியில்*

விடிஞ்சதும் வீட்டுக்குப் போகப் பயந்து கோயிலுக்குள்ள போனேன். ராஜகோபுரம் தாண்டினதும் கம்பத்திளையனார் சந்நிதி. அதைக் கும்பிட்டு, வல்லாள மகாராஜா கோபுரத்தை ஒட்டி இருக்கிற கோபுரத்திளையனார் சந்நிதியில் உட்கார்ந்தேன்.

அருணகிரிநாதர் கதை உங்களுக்குத் தெரியும். 15-ம் நூற்றாண்டில் இதே ஊரில் வாழ்ந்தவர். இளமையில் சிற்றின்பத்தில் சொத்தெல்லாம் தொலைச்சு, உடம்பும் கெட்டு, மனம் வெறுத்து கோபுரத்திலிருந்து விழுந்தார், முருகன் தாங்கிப் பிடிச்சான் என்பது இந்த ஊர் மரபு. அவர் கதையில் சூதாட்டம் இல்லைதான். ஆனா நிறுத்தணும்னு தெரிஞ்சும் நிறுத்த முடியாம போன ஒரு மனுஷன் இருக்கார்.

சின்ன வயசிலிருந்து நூறு தடவை கேட்ட கதை. அன்னிக்குத்தான் ரெண்டு விஷயம் உறைச்சது.

ஒண்ணு: அவர் தன் மன உறுதியால் நின்னார்னு கதை சொல்லலை. இன்னொரு கை வந்து பிடிச்சது. அடுத்தவன் கை தேவைப்படுறது கேவலம் இல்லைன்னு இந்த ஊர்க் கோபுரமே சொல்லுது.

ரெண்டு: பிடிச்சதும் முருகன் அவருக்குச் சொன்ன உபதேசம், பேசாம சும்மா இருக்கிறது. அதுக்குப் பெரிய ஞானப் பொருள் உண்டு, எனக்கு அதை விளக்குற தகுதி இல்லை. ஆனா தோத்தவனுக்கு அதில் ஒரு நேரான பொருளும் இருக்கு. தோத்த உடனே எதையாவது செய்யணும்னு கை துடிக்கும் பாருங்க, அந்த நேரத்தில் சும்மா இருக்கணும். அடுத்த ரவுண்டு வேண்டாம். கடன் வாங்க வேண்டாம். கணக்கை உடனே சரி பண்ணப் போக வேண்டாம். முதல்ல சும்மா இரு.

நான் ஆப்பை அழிச்சேன். போனை அணைச்சேன். மத்தியானம் வரை அங்கேயே இருந்தேன். அப்புறம் எங்க குருசாமி வீட்டுக்குப் போனேன்.

*ஏன் நிறுத்த முடியலை?*

மீதிக் கதையை அப்புறம் சொல்றேன். நடுவில் ஒரு பாடம். என்னை மாதிரி ஆளுங்க "எனக்கு மன உறுதி இல்லை"ன்னு தங்களையே திட்டிக்குவாங்க. அது பாதி உண்மைதான். மீதியைப் புரிஞ்சுக்கிட்டாத்தான் வழி கிடைக்கும்.

முதல்ல கணக்கு. நாலு நண்பர்கள் திண்ணையில் உட்கார்ந்து ஆளுக்கு 100 ரூபாய் கட்டி சீட்டு ஆடினா, ஜெயிச்சவனுக்கு 400. காசு கை மாறும், ஆனா நாலு பேருக்குள்ளேயே இருக்கும். ஆப்பில் அப்படி இல்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடத்துறவன் ஒரு பங்கு எடுப்பான். நூத்துக்குப் பத்துன்னு ஒரு உதாரணத்துக்கு வெச்சுக்குவோம். 400-ல் 40 அவனுக்கு, 360 ஜெயிச்சவனுக்கு. நாலு பேரும் ஆளுக்கு 1,000 கொண்டு வந்தாங்கன்னா மொத்தம் 4,000. நூறு ஆட்டத்தில் அந்த 4,000-மும் நடத்துறவன் பைக்குப் போயிடும். யார் எவ்வளவு திறமையா ஆடினாலும் மேசை மேல் இருக்கிற காசு குறைஞ்சுக்கிட்டே வரும். இது போக, நான் ஆடின காலத்தில் 28 சதவீத ஜிஎஸ்டி, ஜெயிச்ச நிகரத் தொகையில் 30 சதவீத வரிப் பிடித்தம்.

ரெண்டாவது, மூளை. ஸ்கின்னர்னு ஒரு அமெரிக்க மனோதத்துவ அறிஞர் புறாக்களை வெச்சு ஆராய்ச்சி பண்ணினார். கொத்தினா தீனி வரும் ஒரு பெட்டி. எப்போ தீனி வரும்னு ஊகிக்க முடியாத மாதிரி வெச்சப்போதான் புறா விடாம கொத்திச்சு. ஒவ்வொரு தடவையும் கிடைக்கிற பரிசு நம்மைக் கட்டிப்போடாது. எப்போ வரும்னு தெரியாத பரிசுதான் கட்டிப்போடும். எனக்கு வருண லிங்கத்தில் வந்த 4,000 அந்தத் தீனிதான். முருகன் கண் திறந்ததா நான் நினைச்சது புறாவோட நினைப்பு.

மூணாவது, இது ஒரு நோயாகவும் ஆகலாம். உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியலில் சூதாட்டக் கோளாறுக்குத் தனி இடம் உண்டு. குடிக்கு அடிமையாகிற மாதிரியே இதுவும். அதனால மருத்துவமும் உண்டு.

*பெரியவங்களே விழுந்திருக்காங்க*

திருக்குறளில் 94-வது அதிகாரம் சூது. பத்துக் குறள். அதில் முதல் குறளே தோல்வியைப் பத்தி இல்லை, வெற்றியைப் பத்தி. ஜெயிச்சாலும் வேண்டாம், அந்த ஜெயிப்பு மீன் விழுங்கின தூண்டில் முள் மாதிரி என்கிறார் வள்ளுவர். கடைசிக் குறளில், இழக்க இழக்க அதன் மேல் ஆசை கூடும் என்கிறார். தூண்டிலில் ஆரம்பிச்சு, விட முடியாத ஆசையில் முடியுது. என்னோட ஏழு மாசக் கதை அந்தப் பத்துக் குறளுக்குள்ள இருக்கு.

தருமரை நினைச்சுப் பாருங்க. பேரே தருமர். நாடு, தம்பிகள், தன்னை, கடைசியில் திரௌபதியையும் பணயம் வெச்சார். எல்லாம் திரும்பக் கிடைச்ச பிறகும் மறுபடி கூப்பிட்டதும் போய் உட்கார்ந்தார். அந்த ரெண்டாவது ஆட்டம்தான் வனவாசம். நளனும் புட்கரனிடம் நாட்டையே தோத்தான். ஆனா "தமயந்தியைப் பணயம் வை"ன்னு கேட்டப்போ எழுந்து வெளியே வந்துட்டான். ரெண்டு பேருமே நல்லவங்க, ரெண்டு பேருமே தோத்தவங்க. வித்தியாசம், எந்த இடத்தில் எழுந்தாங்க என்பதுதான்.

நம்ம முருகனையே பாருங்களேன். மாம்பழப் போட்டியில் உலகத்தைச் சுத்திட்டு வந்தவருக்குப் பழம் கிடைக்கலை. கோபம் வந்தது. "இன்னொரு ரவுண்டு வைங்க"ன்னு கேட்டாரா? கேக்கலை. எழுந்து பழனி மலைக்குப் போயிட்டார்.

விளையாட்டே தப்புன்னு நான் சொல்லலை. பொங்கல் லீவில் புளியங்கொட்டை வெச்சு தாயம் ஆடுறோம், பல்லாங்குழி ஆடுறோம். தோத்தா கேலி பண்ணுவாங்க, அவ்வளவுதான். காசு உள்ளே வந்ததும் அது வேற ஒண்ணா மாறிடுது.

*சட்டம் என்ன சொல்லுது?*

தமிழ்நாடு 2003-லேயே லாட்டரியைத் தடை பண்ணிடுச்சு. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்க 2021-ல் கொண்டு வந்த சட்டத்தை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து பண்ணிச்சு. அப்புறம் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டு, 2022-ல் புதுச் சட்டம் நிறைவேறி, 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கிடைச்சது. அதே வருஷம் நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம், அதைத் தடை செய்ய முடியாது, ஒழுங்குபடுத்தலாம்னு உயர் நீதிமன்றம் சொன்னது.

அதன்படி 2025 பிப்ரவரியில் விதிமுறை வந்தது. 18 வயசுக்குக் கீழே ஆடக் கூடாது. ஆதார் சரிபார்ப்பு வேணும். ராத்திரி 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை ஆட்டமே இருக்கக் கூடாது. எவ்வளவு செலவு பண்ணலாம்னு வரம்பு, இடையிடையே எச்சரிக்கை. 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் இந்த விதிகள் செல்லும்னு தீர்ப்பு கொடுத்தது.

அந்த நள்ளிரவு விதியைப் படிச்சப்போ, யாரோ என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதின மாதிரி இருந்தது. மூணு மணிக்கு மனுஷனுக்குக் கட்டுப்பாடு இருக்காது, வெளியிலிருந்து ஒரு பூட்டு வேணும்னு அரசாங்கமே ஒத்துக்கிட்டிருக்கு.

அதே வருஷம் ஆகஸ்டில் நாடாளுமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எல்லாத்தையும் தடை பண்ணிச்சு. ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல். நடத்துறவங்களுக்கு 3 வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடினவங்களை அது குற்றவாளியா பார்க்கலை. பெரிய ஆப்கள் உடனே பண ஆட்டத்தை நிறுத்திட்டாங்க.

"அப்போ பிரச்சினை முடிஞ்சுது"ன்னு நினைக்காதீங்க. இப்போ டெலிகிராம் லிங்க்கில் வர்றது வெளிநாட்டு பெட்டிங் சைட். அங்கே வரம்பும் இல்லை, நேரப் பூட்டும் இல்லை, காசு போனா புகார் சொல்ல ஆளும் இல்லை. இன்னொரு பக்கம், பசங்க ஆப்ஷன் டிரேடிங்குக்கு மாறுறாங்க. அது சட்டப்படி சரிதான். ஆனா 2022 முதல் 2024 வரையான மூணு நிதியாண்டில் எஃப் அண்ட் ஓ-வில் ஆடின தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டாங்கன்னு செபியே சொல்லியிருக்கு. பேரு மாறும். மூணு மணி ராத்திரி மாறாது.

*உங்களை நீங்களே சோதிச்சுக்குங்க*

மனநல மருத்துவர்கள் பார்க்கிற ஒன்பது அறிகுறிகளை எளிமையா சொல்றேன். போன ஒரு வருஷத்தை நினைச்சு, மனசாட்சிப்படி எண்ணுங்க.

1. அதே கிக் வர, காசை ஏத்திக்கிட்டே போறீங்களா?
2. குறைக்கப் பார்த்தா எரிச்சல், படபடப்பு வருதா?
3. நிறுத்த முயற்சி பண்ணித் தோத்திருக்கீங்களா?
4. வேலையிலும் சாப்பாட்டிலும் அதே நினைப்பா?
5. மனசு சரியில்லாதபோது ஆடத் தோணுதா?
6. விட்டதைப் பிடிக்க மறுநாள் திரும்பப் போறீங்களா?
7. வீட்டில் பொய் சொல்றீங்களா?
8. இதனால உறவோ, படிப்போ, வேலையோ ஆட்டம் கண்டிருக்கா?
9. கடனை அடைக்க அடுத்தவங்க காசை நம்புறீங்களா?

நாலு அல்லது அதுக்கு மேல "ஆமா"ன்னா மனநல மருத்துவரைப் பார்க்கணும். அரசு மருத்துவமனையிலேயே இருக்காங்க. எனக்கு எட்டு வந்தது.

*கையில் இருக்க வேண்டிய கட்டுப்பாடு*

என் அனுபவத்தில், ஆடாம இருக்கிறது ஆடிட்டே அளவா இருக்கிறதை விட நூறு மடங்கு சுலபம். என் பதில் "விட்டுடுங்க" என்பதுதான். ஆனா இன்னும் விட முடியாம இருக்கிற தம்பி தங்கைகளையும் கைவிட முடியாது. அவங்களுக்கும், விட்டுட்டு மறுபடி வழுக்கப் பார்க்கிறவங்களுக்கும் இது.

*ரெண்டு பை.* சம்பளம் ஒரு அக்கவுண்ட், செலவு ஒரு அக்கவுண்ட். அடுத்தவங்க காசு, வசூல் காசு, சீட்டுக் காசு உங்க பேர்ல இருக்கவே கூடாது. வீட்டு வாடகை, பீஸ், மருந்துக் காசு எல்லாம் "முதல்". அதைத் தொடக் கூடாது.

*முன்னாடியே பூட்டு.* ஆட்டத்தின் நடுவில் எடுக்கிற முடிவு எதுவும் உங்க முடிவு இல்லை. பேங்க் ஆப்பில் யுபிஐ தினசரி வரம்பைப் பகல்லயே குறைச்சு வைங்க. ராத்திரி பத்து மணிக்கு போனை அம்மாகிட்டயோ அண்ணன்கிட்டயோ குடுத்துடுங்க.

*விட்டது விட்டதுதான்.* தோத்த காசைச் செலவுன்னு எழுதிடுங்க. கடன்னு எழுதாதீங்க. கடன்னு எழுதினா ஆட்டம் நமக்குத் திருப்பித் தரணும்னு மனசு நினைக்கும்.

*ஒரு நாள் சும்மா இரு.* ஆடத் தோணினா ஒரு நாள் தள்ளிப் போடுங்க. அந்த நேரத்தில் தனியா இருக்காதீங்க. வேல்மாறல் படிங்க, நடங்க, யாரோடயாவது டீ குடிங்க.

*கடன் வாங்கி ஆடாதே.* லோன் ஆப் பக்கமே போகாதீங்க.

*ஒருத்தர்கிட்ட சொல்.* இதுதான் எல்லாத்துக்கும் மேல. சொல்லாத வரைக்கும் ஆட்டம்தான் உங்க ஒரே நண்பன்.

*ஜெயிக்க வேண்டாதே.* "ஜெயிச்சா காவடி"ன்னு வேண்டினா, நம்ம முருகனையும் மேசைக்குக் கூப்பிட்டு உட்கார வைக்கிறோம். அவன்கிட்ட கேக்க வேண்டியது எழுந்திருக்கிற தெம்பை.

நண்பன் மாட்டியிருந்தா, திட்டாதீங்க, கையில் காசும் குடுக்காதீங்க. கூட உட்கார்ந்து மொத்தக் கடனையும் ஒரு தாளில் எழுத வைங்க. டாக்டர்கிட்ட கூடப் போங்க.

*அன்னதானம் என்ன ஆச்சு?*

குருசாமிகிட்ட சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் கேட்டார்: "சாமி, கையில் எவ்வளவு இருக்கு?"

"64 ரூபாய் சாமி."

"அதை உண்டியல்ல போட்டுட்டு வா. சாயங்காலம் எல்லாரையும் கூப்பிடுறேன். நீயே சொல்லணும், நான் சொல்ல மாட்டேன்."

சொன்னேன். சிலர் கத்தினாங்க. ஒருத்தர் எழுந்து போயிட்டார், இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட பேசறதில்லை. அது அவர் உரிமை. ஒரு பாட்டி மட்டும் மெதுவா கேட்டாங்க, "என் பேத்தி பேர்ல 501 குடுத்தேனே கண்ணு, அதுவுமா?" அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கு.

குருசாமி தன் பொறுப்பில் மளிகைக் கடையில் அரிசி கடன் சொன்னார். வடை, பாயசத்தோட 500 பேருக்குப் போட வேண்டிய சாப்பாடு, 180 பேருக்குப் புளிசாதமா முடிஞ்சது. மத்தியானம் ஒரு மணிக்கு அண்டா காலி. காவடி எடுத்துட்டு வந்தவங்க வரிசையில் நின்னு பார்த்துட்டுப் போனாங்க. அண்டாவைக் கழுவினது நான்தான்.

அம்மாகிட்ட கடைசியாத்தான் சொன்னேன். அடிக்கலை. இடுப்பிலிருந்து ரெண்டு பையையும் எடுத்து என் முன்னாடி வெச்சாங்க. "எது முதல்னு தெரியுதா?"ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான்.

சம்பளம் அன்னிலேருந்து அம்மா அக்கவுண்டுக்குப் போகுது. என் கைச்செலவுக்கு வாரம் 500. 2024 செப்டம்பரிலிருந்து மாசம் 3,000 கட்டினேன். பன்னிரண்டு மாசம் 36,000. 2025 செப்டம்பரில் கடைசி 2,400. நடுவில் ஒரு தடவை, தீபாவளி போனஸ் வந்தப்போ, வழுக்கினேன். 300 ரூபாய். அன்னிக்கே குருசாமிக்கு போன் பண்ணிச் சொன்னேன். "சரி, இன்னிக்கு சும்மா இரு"ன்னார். டாக்டர்கிட்டயும் மறைக்காம சொன்னேன். வழுக்கினா எல்லாம் போச்சுன்னு இல்லை. மறைச்சாத்தான் போச்சு.

வசூல் கணக்கை மறுபடி என்கிட்ட யாரும் குடுக்கலை. நானும் கேக்கலை. அன்னதானத்தில் எனக்குக் குடுத்திருக்கிற வேலை, வரிசையில் கடைசி ஆள் சாப்பிட்டாரான்னு பார்க்கிறது. அதைச் சரியா பார்க்கிறேன்.

அந்தத் தம்பிக்கு நான் அனுப்பின பதில் இதுதான்: "விட்ட காசு வர்றதுக்குப் பதிகம் எனக்குத் தெரியாது. நீ இப்போ எங்கே இருக்கே? பக்கத்தில் யார் இருக்காங்க? அவங்களை எழுப்பு."

எழுப்பினான். அவங்க அக்காவை.

நீங்களும் யாரையாவது எழுப்புங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

தேவைப்படுற ஒருத்தருக்காவது இதை அனுப்புங்க. குரூப்பில் போடாம, அவருக்குத் தனியா அனுப்புங்க.